கல்கண்டும் பஞ்சுமிட்டாயும்: ஹாட் மெல்ட் எக்ஸ்ட்ரூஷன் கட்டுரைகள் மீது ஒரு மனக்குறை

ஹாட் மெல்ட் எக்ஸ்ட்ரூஷன் பற்றிய ரெவ்யூ கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் முதல் பத்தியைப் பார்க்காமலே ஒப்பிக்கலாம். கரைப்பான் தேவையில்லை, இடைவிடாமல் ஓடும், படிகள் குறைவு, தண்ணீரில் கரையாத மருந்தும் கரையும். நான்குமே உண்மைதான். நானும் எம்.ஃபார்ம் ஆய்வேட்டில் இதே நான்கு வரியை எழுதியவன்தான். அதனால இந்தக் குறை என் மேலயும் சேர்த்துத்தான்.

புதிதாக வருபவர்களுக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிடுறேன். மருந்துப் பொடியையும் பாலிமர் பொடியையும் கலந்து சூடான உலோகக் குழாய்க்குள் கொட்டுகிறோம். உள்ளே இரண்டு திருகுகள் ஒன்றோடொன்று பின்னிச் சுழல்கின்றன. பாலிமர் இளகுகிறது; மருந்து அதில் உருகியோ கரைந்தோ மூலக்கூறு அளவில் கலக்கிறது; மறுமுனையில் அச்சு வழியாக வெளியே வருகிறது. முறுக்கு பிழிகிற மாதிரிதான். ஆறியதும் கண்ணாடி போல இறுகும். அதை அரைத்து மாத்திரையாக அழுத்தலாம். பிளாஸ்டிக் தொழிலிலிருந்து மருந்துத் தொழிலுக்கு வந்த மெஷின் இது.

எதுக்கு இவ்வளவு பாடு? கல்கண்டையும் பஞ்சுமிட்டாயையும் நினைத்துப் பாருங்கள். இரண்டுமே சர்க்கரை. கல்கண்டில் மூலக்கூறுகள் வரிசை கட்டி நிற்கின்றன. பஞ்சுமிட்டாயில் அந்த வரிசை கிடையாது, வாயில் வைத்ததும் போய்விடும். மருந்தும் அப்படித்தான். படிகத்தை உடைத்து வரிசையில்லாத அமார்ஃபஸ் நிலைக்குக் கொண்டுபோனால் வேகமாகக் கரையும். ஆனால் பஞ்சுமிட்டாயைக் காற்றில் வைத்தால் என்ன ஆகும்? ஈரத்தை இழுத்து, சுருங்கி, மறுபடி படிகமாகத் தொடங்கும். அமார்ஃபஸ் மருந்துக்கும் அதே ஆபத்து உண்டு. பாலிமரின் முக்கிய வேலையே அந்த மூலக்கூறுகளை நகரவிடாமல் பிடித்து வைப்பதுதான்.

என் குறை இங்கேதான் ஆரம்பிக்குது. எக்ஸ்ட்ரூட் பண்ணிய ஒரு வாரத்தில் நான் எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷன் எடுத்தேன். கூர்மையான உச்சி ஒன்றுகூட இல்லை, அகலமான மேடு மட்டும்தான். படத்தை ஒட்டினேன், வைவா முடிந்தது. பல மாதம் கழித்து ஜூனியர் ஒருவர் அந்த பாட்டிலைக் காட்டினார். கண்ணாடி போல இருந்த குச்சிகள் பால் வெள்ளையாக மாறியிருந்தன. ஆய்வேடு அதற்குள் நூலகத்துக்குப் போயாச்சு. அதில் "நிலைத்தன்மை உடையது" என்று நான் எழுதிய வரி இன்னமும் அப்படியே இருக்கு. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இது மாணவர் பிரச்சினை மட்டும்தானா என்றால், 1998-ல் ரிட்டோனவிருக்கு நடந்ததைப் பாருங்கள். எச்.ஐ.வி மருந்து, 1996-ல் நார்விர் என்ற பெயரில் வந்தது. காப்ஸ்யூலுக்குள் மருந்து ஆல்கஹால்-தண்ணீர் கலந்த அடிப்படையில் கரைந்த நிலையில் இருந்தது. சுமார் 240 லாட்கள் சிக்கலின்றித் தயாரான பிறகு, அதுவரை யாரும் பார்த்திராத, கரைதிறன் மிகக் குறைந்த புதிய படிக வடிவம் ஒன்று தலைகாட்டியது. காப்ஸ்யூல்கள் கரைதல் சோதனையில் தோற்றன, சந்தையிலிருந்து போயின. நோயாளிகள் சகிக்க முடியாத சுவையுள்ள திரவ மருந்துக்கு மாறவேண்டியிருந்தது. அது எக்ஸ்ட்ரூஷன் தயாரிப்பு இல்லை. ஆனாலும் பாடம் பொதுவானது: ஒரு மூலக்கூறு இன்றைக்கு ஒழுங்காக நடந்துகொள்கிறது என்பது நாளைக்கு உத்தரவாதம் ஆகாது.

எக்ஸ்ட்ரூஷனின் உண்மையான பெருமை இதே மருந்தின் அடுத்த கதையில் இருக்கு. லோபினவிரோடு ரிட்டோனவிரைச் சேர்த்த கலெட்ரா 2000-ல் மென்காப்ஸ்யூலாக வந்தது. காலை மூன்று, இரவு மூன்று, உணவோடு. குளிர்பெட்டியில் வைக்கணும்; வெளியே வைத்தால் 25 டிகிரிக்குள், இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடணும். 2005-ல் அபாட் நிறுவனம் மெல்ட்ரெக்ஸ் என்ற எக்ஸ்ட்ரூஷன் முறையில் கோபோவிடோன் பாலிமரோடு அதையே மாத்திரையாக்கியது. ஒரு நாளைக்கு நான்கு போதும். சாப்பிட்டோ சாப்பிடாமலோ போடலாம். குளிர்பெட்டி வேண்டாம். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாதவருக்கு இது எப்பேர்ப்பட்ட விஷயம்! ரெவ்யூ கட்டுரைகளில் இது அட்டவணையில் ஒரு வரி. பிராண்ட், பாலிமர், ஆண்டு, அவ்வளவுதான்.

அந்த அட்டவணையில் வராத வரி ஒன்று இருக்கு. 2007 ஜனவரியில் தாய்லாந்து அரசு கலெட்ராவுக்குக் கட்டாய உரிமம் அறிவித்தது. பதிலுக்கு மார்ச்சில் அபாட், அங்கே பதிவுக்குக் கொடுத்திருந்த புதிய மருந்துகளின் விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றது. வெப்பம் தாங்கும் அந்த மாத்திரையும் அதில் ஒன்று. 25 டிகிரி என்பது பாங்காக்கில் அபூர்வம். யாருக்கு அந்த மாத்திரை அதிகம் தேவையோ, அவங்களுக்குத்தான் கதவு மூடப்பட்டது. ஆராய்ச்சிக்குப் பணம் போட்ட நிறுவனம் தன் உரிமையைக் காக்கப் பார்க்கும், அது புரிகிறது. அதற்காக "நோயாளிக்கு உகந்த தொழில்நுட்பம்" என்று எழுதுகிற நாம், எந்த நோயாளி என்று கேட்காமலே கடந்துபோவது சரியா?

இன்னொரு குறை, எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்கிற தொனி. வெமுராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்து ஏறக்குறைய 270 டிகிரியில்தான் உருகும். அந்தச் சூட்டில் பெரும்பாலான பாலிமர்கள் சிதைந்துவிடும். அதனால் அதை வேறொரு கரைப்பானில் கரைத்து, பாலிமரோடு சேர்த்து வீழ்படிவாக்கி அமார்ஃபஸ் ஆக்கினார்கள். கரைப்பானே வேண்டாம் என்று மார்தட்டுகிற துறைக்கு இது நல்ல எதிர் உதாரணம். எக்ஸ்ட்ரூஷன் எங்கே தோற்கும் என்று சொல்லும் கட்டுரைதான் அடுத்த மாணவருக்கு உதவும்.

நுட்பத்தை நான் குறை சொல்லவில்லை. 2013-ல் வந்த பொசகோனசோல் மாத்திரையும் எக்ஸ்ட்ரூஷன்தான். பழைய திரவ வடிவத்தைக் கொழுப்புள்ள உணவோடு எடுத்தால்தான் உடம்பில் சரியாக ஏறும்; சாப்பிடவே முடியாத நோயாளிகளுக்கு அது பெரிய சிக்கல். மாத்திரை அதை வெகுவாகக் குறைத்தது. இதைவிட நல்ல சான்று வேண்டுமா என்ன?

இப்போ எக்ஸ்ட்ரூஷன் கட்டுரை ஒன்றைக் கையில் எடுத்தால் முதல் பத்தியைத் தாண்டி நேரே மூன்று விஷயம் தேடுகிறேன். மாதிரி எத்தனை மாதம், எந்த ஈரப்பதத்தில் இருந்தது? சூட்டில் மருந்து சிதைந்ததா என்று அளந்தார்களா? பழைய வடிவத்தைவிட நோயாளிக்கு இதில் என்ன குறைந்தது, விலையா, எண்ணிக்கையா, குளிர்பெட்டியா? மூன்றுக்கும் பதில் இருக்கும் கட்டுரை அபூர்வமாகத்தான் கிடைக்குது. என் ஆய்வேட்டில் முதல் கேள்விக்கே பதில் கிடையாது. அந்த பாட்டிலின் படத்தை எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த பதிவில் போடுறேன்.