சம்புவரையர் வீட்டுப் பெண்

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று வந்தது. அடுத்த வாரமே எங்கள் வேங்கிக்கால் மொட்டைமாடியில் சண்டை மூண்டது. மாதம் ஒரு ஞாயிறு கூடிப் புத்தகம் பேசுகிற பத்துப் பன்னிரண்டு பெண்கள் நாங்கள். இரண்டு ஆசிரியைகள், கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு தோழி, கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர், பக்கத்து வீட்டுப் பெரியம்மா. பெரியம்மா எட்டாவதோடு நின்றவர். ஆனால் கல்கி இதழிலிருந்து கிழித்துத் தைத்த ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

முதல் சண்டை, எல்லா இடத்திலும் நடந்ததுதான். நந்தினி இப்படியா இருப்பாள்? கண் சரி, கொண்டை சரியில்லை. குந்தவை அழகா, நந்தினி அழகா? ஒரு டீச்சர், மணியம் வரைந்த நந்தினியைத் தவிர வேறு யாரையும் ஏற்க மாட்டேன் என்று படத்தையே பார்க்காமல் இருந்தார். வெளியே ஆண்கள் ராஜராஜன் எந்த மதம் என்று அடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஆண்களுக்கு அரசனின் மதம், பெண்களுக்கு அரசியின் கொண்டை என்று விவாதத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்த எரிச்சலில்தான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். படத்தில் மணிமேகலையே கிடையாது, கவனித்தீர்களா, என்று ஒரு மாணவி கேட்டாள். “நல்லதுதான். ஒருத்தன் திரும்பிப் பார்க்கலைன்னு பைத்தியம் பிடிச்சுச் சாகிற பொண்ணு இந்தக் காலத்துக்கு எதுக்கு?” என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. முறுக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “நீ சொல்லுவம்மா. உனக்கு வேலை இருக்குது, சம்பளம் வருது” என்றார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டார். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை.

2023 ஏப்ரல் 28 அன்று இரண்டாம் பாகம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் சொன்னது எவ்வளவு தவறு என்று தெரிந்தது.

படத்தில் நன்றாக வந்தவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. முதல் பாகத்தில் குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கும் இடம், இரண்டு பெண்கள் அதிகாரத்தை அதிகாரத்தால் அளந்துகொள்ளும் இடம், தமிழ்ப் படங்களில் அபூர்வம். நாவலில் அடிக்கடி மயங்கி விழும் வானதியையும் படம் கொஞ்சம் நிமிர்த்தி நிறுத்தியிருந்தது. அதற்கு நன்றி. ஐந்து பாக நாவலை இரண்டு படத்துக்குள் அடக்க வேண்டும், எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும் என்பதும் புரிகிறது. நான் கேட்பது வேறு. கத்தரி ஏன் திரும்பத் திரும்ப ஒரே பக்கம் போகிறது?

முதலில் பூங்குழலி. கோடிக்கரையில் தனியாகப் படகு தள்ளுகிறவள், சதுப்பு நிலத்தின் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர்கள் என்று சொல்லிச் சிரிக்கிறவள், ராணியாக வேண்டும் என்ற ஆசையை ஒளிக்காதவள். நாவலில் அந்த ஓடக்காரப் பெண் கடைசியில் சோழ நாட்டு ராணி ஆகிறாள். அவள் கைப்பிடித்த சேந்தன் அமுதன் அரச ரத்தம் என்று கல்கி ஒரு முடிச்சுப் போட்டுக் கொஞ்சம் பயந்திருக்கிறார், உண்மைதான். ஆனால் அவள் ரத்தத்தில் எந்த ரகசியமும் இல்லை. அவள் கடற்கரைப் பெண்ணாகவே அரியணைக்குப் போகிறாள். படத்தில் சேந்தன் அமுதனின் கதையே போய்விட்டது, மதுராந்தகனே முடிசூடிக்கொள்கிறான். அதோடு பூங்குழலியின் முடிவும் போயிற்று. அலையும் படகும் அழகான முகமும் மிஞ்சின.

அடுத்து நந்தினி. நாவலில் அவள் பழுவேட்டரையரிடம் விடை கேட்டுக்கொண்டு போய்விடுகிறாள். ஆதித்த கரிகாலனை யார் கொன்றார்கள் என்பதையும் கல்கி மூடிவைக்கவில்லை, முடிச்சை நம் கையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார். படத்தில் கரிகாலன் அவள் கைக் கத்தியைத் தானே தன்மேல் இறக்கிக்கொள்கிறான். அவள் தண்ணீரில் இறங்கி உயிரை விடுகிறாள். பழி வாங்க வந்தவளைக் காதலியாக அழவைத்து, பிறகு சாகவும் வைத்தாகிவிட்டது. அவனுக்கு வீரமரணம் மாதிரி ஒன்று கிடைத்தது. அவளுக்கு அவன் பின்னால் போகும் வேலை.

கல்லூரிப் பெண் ஒருத்தி இதை உடனே ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரோடு சேர்த்துப் பேசினாள். 2019ல் அந்தத் தொடர் முடிந்தபோது டெனேரிஸ் தன் காதலன் கையாலேயே குத்துப்பட்டுச் செத்தாள். கடைசி சீசனைத் திரும்ப எடுங்கள் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். “அக்கா, புத்தகத்துல அவ இன்னும் உயிரோடதான் இருக்கா” என்றாள் அந்தப் பெண். ஜார்ஜ் மார்ட்டினின் வரிசையில் ஐந்தாவது புத்தகம் 2011ல் வந்தது, ஆறாவது இன்னும் வரவில்லை. எழுத்தில் வழி திறந்திருக்க, திரையில் அவளை முடித்துவிட்டார்கள். நந்தினிக்கும் அதேதான். மூலத்துக்கு விசுவாசமாக இல்லை என்று பெண்கள் கத்தும்போது, அதைப் பழமைப் பற்று என்று நானும் நினைத்ததுண்டு. ஆனால் அவர்கள் காப்பாற்றப் பார்ப்பது பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்த ஒரு பெண்ணின் உயிரை.

வரலாறு அப்படியில்லையே என்று ஒரு பதில் வரும். உடையார்குடிக் கல்வெட்டு ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசனையும் அவன் சகோதரர்களையும் சொல்கிறது. கொன்றவர்களாக ஒரு பெண் பெயரும் அதில் இல்லை. நந்தினி முழுக்கக் கல்கியின் கற்பனை. 1950லிருந்து 1954 வரை வாரா வாரம் எழுதியபோது, கல்வெட்டில் இல்லாத பெண்களைக் கதைக்குள் கூட்டிக்கொண்டு வந்தார் அவர். படம் அதே வரலாற்றைக் காட்டி அவர்களைக் குறைக்கிறது.

இப்போது மணிமேகலை. கடம்பூர்ச் சம்புவரையர் மகள். நான் பைத்தியம் என்று ஒதுக்கியவளை இரண்டாம் தடவை படித்தபோது எனக்குத் தலை குனிந்தது. அவள் கதையை நேராகச் சொன்னால் இவ்வளவுதான்: அண்ணன் கந்தன்மாறன் தன் நண்பன் வந்தியத்தேவனைப் பற்றித் தங்கையிடம் புகழ்ந்து புகழ்ந்து பேசி ஆசையை வளர்க்கிறான். பிறகு மதுராந்தகன் பட்டத்துக்கு வரக்கூடும் என்றதும், நண்பனை மறந்துவிடச் சொல்கிறான். பிறகு கரிகாலனே வீட்டுக்கு வரப்போகிறான் என்றதும் பேச்சு அந்தப் பக்கம் சாய்கிறது. மாளிகையில் ராஜ்யம் மாறுகிற ஒவ்வொரு சதியாலோசனைக்கும் ஒரு மாப்பிள்ளை மாறுகிறான். அவள் முதலில் வந்த பெயரையே பிடித்துக்கொள்கிறாள். அது காதலா, பிடிவாதமா, தன் மனசு தன்னுடையது என்று நிரூபிக்க அவளுக்குக் கிடைத்த ஒரே வழியா? கொலை நடந்த பிறகு, அவனைக் காப்பாற்ற, தான்தான் கொன்றதாக முன்வந்து சொல்கிறாள். பெரியவர்கள் அதைச் சித்தப் பிரமை என்கிறார்கள். சொன்ன பேச்சைக் கேட்டபோது சமர்த்து, தானாக ஒன்று சொன்னதும் பித்து.

குந்தவை அரசியல் செய்கிறாள், நந்தினி பழி தீர்க்கிறாள், பூங்குழலி கடலில் போகிறாள். வீட்டுக்குள் உட்கார்ந்து தன் கல்யாணம் பேசப்படுவதைக் கதவுக்குப் பின்னால் கேட்கிற பெண், இந்த நாவலில் மணிமேகலை ஒருத்திதான். 1950களில் வாரா வாரம் தொடரைக் கிழித்துத் தைத்த பெண்களில் எத்தனை பேர் குந்தவை? எத்தனை பேர் மணிமேகலை?

கல்கி மீதும் எனக்குக் கோபம் உண்டு. அவளுக்கு அவர் தந்த மரணம் சந்தேகத்துக்குரிய அழகு கொண்டது. வந்தியத்தேவன் மடியில் அவள் உயிர் போகிறது. அத்தியாயத் தலைப்பே ஒரு பூ உதிர்வதைச் சொல்கிறது. பெண்ணைப் பூவாக்கிவிட்டால் அவளை உலுக்கியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. இதே பெயருள்ள காப்பிய நாயகி அட்சய பாத்திரத்தோடு ஊர் ஊராக நடந்தவள். இவளுக்கு ஒரு வாசற்படிகூடத் தாண்டக் கிடைக்கவில்லை. இருந்தும் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் போகிற கதையை, ராஜராஜனை விட்டுவிட்டு, கல்கி இவள் மரணத்தில்தான் கொண்டுவந்து நிறுத்துகிறார். யுத்தமும் முடிசூட்டும் முடிந்த பிறகு, அந்த அரசியல் ஒரு வீட்டுப் பெண்ணை என்ன செய்தது என்று பார்க்க அவருக்கு ஒரு கடைசி அத்தியாயம் தேவைப்பட்டிருக்கிறது. படத்துக்கு அது தேவைப்படவில்லை. கடம்பூர் மாளிகையில் சதி நடக்கிறது, விருந்து நடக்கிறது, கொலை நடக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணை மட்டும் காணோம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. 1989ல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது இந்த மாவட்டத்துக்கு வைத்த பெயர் ‘திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்’. படவேட்டிலிருந்து ஆண்ட சம்புவராயர்களின் நினைவாக. கல்கி கடம்பூரில் குடிவைத்தது அவர்கள் குலப்பெயரைத்தான். 1997ல் மாவட்டங்களிலிருந்து தலைவர் பெயர்களை எடுத்தபோது அதுவும் போயிற்று. இன்று வேங்கிக்காலில் இருக்கும் ஆட்சியர் அலுவலகப் பலகையில் திருவண்ணாமலை மட்டும்தான். அப்பன் பெயர் எட்டு வருஷம் எங்கள் ரேஷன் கார்டிலும் டி.சி.யிலும் இருந்தது. மகள் பெயரைக் கதையில் எழுதிவைத்திருந்ததையும் இப்போது எடுத்தாயிற்று.

பெரியம்மா வீட்டுக்கு நான்தான் போனேன். மன்னிப்பு என்று பெரிதாகச் சொல்லத் தெரியவில்லை, காபி போட்டுக்கொண்டே பேசினோம். அவருக்கு ஒரு தங்கை இருந்தாராம். ஆரணிப் பக்கம் அரிசி மில்லில் அண்ணன்மாருக்குப் பங்கு. பங்காளி மாறும்போதெல்லாம் தங்கைக்குப் பேசிவைத்த இடமும் மாறியது. மூன்றாவது தடவை பூ வைக்க வந்தபோது அந்தப் பெண் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. அதற்கப்புறம் யாரோடும் பேசவில்லை. குணசீலம் வரை கூட்டிப்போனார்கள். “பேய் புடிச்சிருச்சுன்னாங்க. எனக்குத் தெரியும், அவளுக்குக் கோவம். வாயத் தொறந்தா என்னா சொல்லிடுவோமோன்னு மூடிக்கினா.” இருபத்தெட்டு வயதில் இறந்துபோனாராம். கல்கித் தொடரைத் தைத்துவைத்தது அந்தத் தங்கைதானாம். எனக்கு அது அதுவரை தெரியாது.

“படத்துல அவ இல்லாதது எனக்கொண்ணும் இல்ல. அவனுங்க எடுக்கறது அவனுங்க இஷ்டம். நீ நல்லதுதான்னு சொன்ன பாரு.”

அடுத்த ஞாயிறு பெரியம்மா ‘பொன்னியின் செல்வன்’ பாகங்களை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். காகிதம் தவிட்டு நிறமாகியிருந்தது, தைத்த நூல் மட்டும் இன்னும் வெள்ளை. படம் மட்டும் பார்த்த இரண்டு பெண்கள், யாரு பெரியம்மா இந்த மணிமேகலை, என்று கேட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி அத்தியாயத்தைத் தேடினார். பிறகு அதை விட்டுவிட்டு, அண்ணன் தங்கையிடம் மதுராந்தகனைப் பற்றிப் பேசும் பக்கத்துக்குத் திருப்பினார்.

“இங்கேர்ந்து படி” என்று என்னிடம் கொடுத்தார்.