தலைக்குத்தும் எழுத்தாணியும்

பிறர் நூலில் பிழை கண்டபோதெல்லாம் புலவர் சீத்தலைச் சாத்தனார் எழுத்தாணியால் தன் தலையில் குத்திக்கொண்டார், புண்ணில் சீழ் வைத்தது, திருக்குறளைக் கேட்ட பிறகே அது ஆறியது. சிறுவயதில் நாம் கேட்ட கதை இது. இதற்குச் சான்றாகக் காட்டப்படுவது, வள்ளுவரைப் புகழும் திருவள்ளுவமாலையில் மருத்துவன் தாமோதரனார் பெயரில் உள்ள வெண்பா.

அந்த வெண்பாவைத் திறந்து படித்தால் எழுத்தாணி இல்லை. பிறர் பிழையும் இல்லை, சீழும் இல்லை. சீந்தில், சுக்கு, தேன் என்று தலைவலிக்கு ஒரு கைமருந்து வருகிறது. பிறகு, சாத்தனுக்குத் தலைக்குத்து தீர்ந்தது முப்பாலால் என்று பாட்டு முடிகிறது. தலைக்குத்து என்பது தலைவலி. அந்தக் 'குத்து' எழுத்தாணியைக் கூட்டிவந்திருக்கிறது. சீத்தலை என்ற ஊர்ப்பெயர் சீழ்த் தலையாகிவிட்டது. அறிஞர்கள் இதை எடுத்துக்காட்டிப் பல காலமாகிறது. ஆய்வில் பிழை திருத்துவதன் முழுப் பெருமையும் இங்கே தெரிகிறது: கதையை நம்பாமல் பாட்டுக்குத் திரும்பிப் போய், ஒரு சொல்லை அது நின்ற இடத்திலேயே வைத்துப் படிப்பது.

மாலை பற்றிய அடுத்த திருத்தம் இதைவிடப் பெரியது. அச்சில் வழங்கும் 55 பாடல்களும் அசரீரி, நாமகள், இறையனார் தொடங்கிக் கபிலர், பரணர், நக்கீரர் என்று சங்கப் புலவர் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. இதை வைத்தே குறளின் காலத்தைக் கணித்தவர்கள் உண்டு. ஆனால் எட்டுத்தொகையில் அகவலில் பாடிய கபிலரும் பரணரும் இங்கே வெண்பாவில் பேசுகிறார்கள். தொகை நூல்களுக்குக் கடவுள் வாழ்த்துப் பாடிய, சங்கத்துக்குப் பிந்தியவரான பாரதம் பாடிய பெருந்தேவனாரும் அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இவர்கள் எல்லோரும் ஒரே அவையில் கூடி வள்ளுவரைப் பாராட்டியிருக்க முடியாது. பாடல்கள் பிற்காலத்தவை என்ற முடிவில் எனக்கு ஐயமே இல்லை.

என் குறை அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. 'கபிலர் பாடவில்லை' என்று நிறுவியதும் பலர் மாலையையே மூடி வைத்துவிடுகிறார்கள். போலி என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். பாடியவர் யார் என்ற கேள்விக்குப் பொய்யான விடை தரும் பாட்டு, வேறு கேள்விகளுக்கு மெய்யான விடை தரலாமே! முதற்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளுவரோடு சங்கப் பலகையில் சமமாக இருக்க உருத்திரசன்மர் ஒருவரே தக்கவர் என்கிறது அசரீரி. உருத்திரசன்மர் இறையனார் களவியல் உரையின் கதையில் வருபவர். நூலுக்கு எழுந்த உரைகளில் மெய்யுரை எது என்று கேட்டறிந்து காட்டிய பிள்ளை. மாலையைக் கட்டியவருக்கு அந்தக் கதை தெரிந்திருக்கிறது, அதில் வள்ளுவருக்கு ஓர் இருக்கை போட்டுத்தர வேண்டும் என்ற ஆவலும் இருந்திருக்கிறது. குறளுக்குச் சங்கத்தின் முத்திரை தேவைப்பட்ட ஒரு காலத்தை இது காட்டுகிறது. தமிழ் வாசகர் வரலாற்றுக்கு இது சிறிய செய்தி அல்ல.

இயல் பகுப்பும் அப்படித்தான். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் பொருட்பாலை அரசியல் 25, அங்கவியல் 32, ஒழிபியல் 13 என்று மூன்றாகப் பிரித்தார். மாலையின் வெண்பா ஒன்று அதே 70 அதிகாரங்களை ஏழாகப் பிரிக்கிறது: அரசியல் 25, அமைச்சு 10, அரண் 2, பொருள் 1, படை 2, நட்பு 17, குடி 13. காமத்துப்பாலில் பரிமேலழகருக்குக் களவு 7, கற்பு 18. மாலையிலோ ஆண்பால் கூற்று 7, பெண்பால் கூற்று 12, இருபால் கூற்று 6. யார் பேசுகிறார் என்பதை வைத்துப் பகுத்த பகுப்பு அது. களவு, கற்பு என்ற சட்டகம் இல்லாமலும் காமத்துப்பாலைப் படித்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டுமா? மாலையைத் தள்ளியவர்கள் இதையும் சேர்த்தல்லவா தள்ளிவிட்டார்கள்! தள்ளாமல் வைத்துக்கொண்டவர்களில் சிலரோ இந்த எண்களை வள்ளுவரே வகுத்தவை என்று எழுதுகிறார்கள். அதுவும் திருத்த வேண்டிய பிழைதான்.

தாமோதரனார் பாட்டுக்கே திரும்பினால், எழுத்தாணியை எடுத்துவிட்ட பிறகும் அங்கே ஒரு வைத்தியரின் குரல் மிஞ்சுகிறது. யார்க்கும் தலைவலிக்கு மருந்து உண்டு, சாத்தனின் தலைவலிக்கு மட்டும் குறள்தான் மருந்து என்று தன் தொழிலின் சொல்லிலேயே புகழ்கிறார். பெயருக்கு ஏற்ற குரலைக் கொடுத்துப் பாடத் தெரிந்த, பெயர் தெரியாத அந்தக் கவிஞரை இன்னும் யாரும் சரியாகப் படிக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.