ஸ்ட்ராங்கும் டாப்பல்பாக்கும்

ஜெர்மன் பீர் என்றதும் 1516ஆம் ஆண்டின் பவேரியத் தூய்மைச் சட்டத்தை எடுத்து நீட்டுவது வழக்கம். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்ற அந்த விதி மூலப்பொருளைக் கட்டுப்படுத்தியது, சுவைக்குப் பொறுப்பேற்கவில்லை. லைப்சிக்கின் கோஸே பீரில் உப்பும் கொத்தமல்லி விதையும் உண்டு, புளிப்பும் உண்டு. நீர்மோர் குடித்து வளர்ந்த நாக்கு அதை ஒரு மிடறில் புரிந்துகொள்ளும், சட்டம் புரிந்துகொள்ளாது. ஆகவே ஒரு பீர் வகை தனக்கே வகுத்துக்கொண்ட இலக்கை எட்டியதா என்பதே சரியான கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஹெஃபெவைட்சன் என்ற கோதுமை பீரில் பெங்களூர் மைக்ரோபுருவரிகள் ஓரளவு நல்ல பதில் தருகின்றன. பாதிக்குக் குறையாத கோதுமை மால்ட், வடிகட்டாத கலங்கல், நிலைத்து நிற்கும் நுரை என உடல் சரியாகவே அமைகிறது. குறை மணத்தில். இந்த வகைக்குரிய ஈஸ்ட் வாழைப்பழ வாசனையையும் கிராம்பு வாசனையையும் சேர்த்தே தர வேண்டும். நம் பக்கத்துக் கோப்பைகள் பலவற்றில் வாழைப்பழம் மேலோங்கிக் கிராம்பு மறைந்துவிடுகிறது. இனிப்பு சுலபமாக விற்கும் என்பதே காரணம் என்பது என் ஊகம். இந்த வகை பரவியதற்கும் ரசனை மட்டும் காரணமல்ல: வைட்சன் இரண்டு வாரத்தில் தயாராகிவிடும், லாகரோ குளிர்தொட்டியில் வாரக்கணக்கில் கிடக்கும். தொட்டி சும்மா கிடந்தால் வாடகை யார் தருவது?

சென்னைப் புறநகரான பொழிச்சலூர்க்காரருக்கு இந்த விவாதமே சற்றுத் தொலைவு. 2003இல் தமிழ்நாட்டின் மதுச் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கைக்குப் போனது. அந்தக் கடையில் கேட்டுப் பெறுவது பெரும்பாலும் ஸ்ட்ராங் பீர். அதுவும் குலத்தால் லாகர்தான், ஆனால் ஆல்கஹால் எட்டு சதவீதம் வரை ஏறும். வலிமையை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ம்யூனிக்கின் சால்வேட்டர் என்ற டாப்பல்பாக் வகை பீரிலும் ஆல்கஹால் ஏறக்குறைய அதே அளவு. அங்கே அடர்ந்த மால்ட் அதைச் சுமக்கிறது. இங்கே சர்க்கரையும் அரிசியும் மால்ட்டின் இடத்தைப் பிடிக்க, ஆல்கஹால் ஆதாரமின்றி நிற்கிறது. அரிசி சேர்ப்பது தவறல்ல, மென்மையான லாகருக்கு அது பொருந்தும். கடுமையான பீருக்கு உடலே இல்லாமல் போவதுதான் பிழை.

ஆகவே வைட்சன் தேறுகிறது, ஸ்ட்ராங் தேறவில்லை. ஐயமிருந்தால் இரண்டையும் பத்து நிமிடம் மேசைமேல் விட்டுவைக்கலாம். குளிர் தணியத் தணிய வைட்சனின் மணம் விரியும். ஸ்ட்ராங்கில் ஸ்பிரிட் நெடி தலைதூக்கும். கவுண்டரில் எல்லோரும் 'சில்லுனு குடுப்பா' என்று கேட்பது வெயிலுக்காக மட்டுமல்ல.