படமா, படத்தின் துண்டமா?

ஒரு பதிப்பாளர் திருக்குறளை அச்சிடுகிறார். தாள் சிறிதாயிருக்கிறதென்று ஒவ்வொரு குறளிலும் இரண்டாம் அடியை நீக்கிவிட்டு, அட்டையில் மட்டும் ‘முழுப் பதிப்பு’ என்று பொறித்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏழு சீரில் மூன்று சீர் போயின; அதாவது நூற்றுக்கு 43 பங்கு போயிற்று. இதனை நாம் பொறுப்போமா? ஆனால் இதே 43 பங்கைச் சினிமாவிலிருந்து வெட்டியெறிந்துவிட்டு, மிச்சத்தை முழுப் படமென்று வீடுகளுக்கு விற்ற வியாபாரம் உலகெங்கும் பல்லாண்டுகள் தங்குதடையின்றி நடந்தது. கேட்பாரில்லை, கேட்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டென்பதே பலருக்குத் தெரியவில்லை.

1953இல் ‘தி ரோப்’ என்னும் அமெரிக்கப் படத்தோடு சினிமாஸ்கோப் முறை வந்தது. டெலிவிஷன் பெட்டியின் முன் உட்கார்ந்துவிட்ட ஜனங்களைக் கொட்டகைக்கு மீட்பதற்காகவே திரை அகலமாக்கப்பட்டது. பின்னர் நிலைபெற்ற அளவின்படி, உயரம் 1 என்றால் அகலம் 2.35. சிங்கப்பூரில் கொட்டகைகள் நடத்தி வளர்ந்த ஷா சகோதரர்கள், ஹாங்காங்கில் தாங்கள் எடுத்த படங்களில் இம்முறையை ‘ஷாஸ்கோப்’ என்ற பெயரால் கையாண்டனர். வீட்டுப் பெட்டியோ அந்நாளில் நாலுக்கு மூன்று என்ற அளவினது. அகலப் படத்தை அதில் நிரப்ப வேண்டுமாயின் இரு பக்கமும் வெட்டியாக வேண்டும். பேசுகிறவன் தெரியட்டும், கேட்கிறவன் மறையட்டும் என்று காட்சிக்குக் காட்சி தீர்மானித்தவர் பெரும்பாலும் டைரக்டர் அல்லர், ஒளிப்பதிவாளரும் அல்லர். பிரதி தயாரிக்கும் கூடத்தில் இருந்த ஒரு சிப்பந்தியே.

இதனால் என்ன குடி மூழ்கிற்று என்பார்க்கு ஒரு படத்தையே சான்றாகக் காட்டுவோம். கிங் ஹூ 1966இல் ஷா சகோதரர்களுக்காக இயக்கிய ‘கம் டிரிங்க் வித் மி’ என்ற வாட்போர்ப் படத்தில், செங் பெய்-பெய் ஏற்ற வீராங்கனை ஒரு சத்திரத்தில் வந்தமர்கிறாள். கொள்ளைக் கூட்டத்தார் அந்தக் கூடத்தில் ஆங்காங்கே பரவியிருக்கின்றனர். அவளிடத்தில் பதற்றமில்லை. அவளுக்கும் அவர்களுக்கும் இடையே கிடக்கும் வெற்றிடமே காட்சியின் உயிர். எந்தப் பக்கத்திலிருந்து யார் எழுவாரென்று நம் கண் தானே தேடுகிறது. ஓரங்களை வெட்டிய பிரதியில் அவள் முகம் வரும், பிறகு ஒரு திருடன் முகம் வரும், இடைவெளி வராது. இடைவெளி போனபின் அபாயமும் போயிற்று. அபாயம் போனபின் அவளுடைய நிதானத்திற்குப் பொருளேது?

சைனாடவுனில் யூ தோங் சென் தெருவில் மெஜஸ்டிக் கட்டடம் நிற்கிறது. அத்தெருவின் பெயருக்குரிய சீமானே 1928இல் கான்டனீஸ் நாடகத்திற்கென அதனை எழுப்பினார். பின்னர் அது சினிமாக் கொட்டகையாகி, 1998இல் காட்சிகளை நிறுத்திக்கொண்டது. கொட்டகைகள் உயிரோடிருந்த காலத்தில், மலிவான சீட்டு வாங்கிய கூலித் தொழிலாளியும் முதல் வகுப்புச் செல்வரும் ஒரே அளவுப் படத்தைத்தான் பார்த்தனர். கொட்டகை மூடியபின் பழைய படத்திற்கு வீட்டுப் பிரதி ஒன்றே புகலிடம். ஆகவே வெட்டுண்ட பிரதியைக் கொட்டகைக் காட்சியின் மலிவு நகல் என்று தள்ளிவிடுவதற்கில்லை. பின்வரும் தலைமுறைக்கு அதுவே படமாகிவிடுகிறது. ஷா படங்களுக்கு நல்ல காலம் பிறந்தது. 2000இல் செலஸ்டியல் நிறுவனம் 760 படங்களின் உரிமையை வாங்கிப் புதுப்பித்து, முழு அகலத்தோடு வட்டுகளாக வெளியிட்டது. இந்தப் பேறு எல்லாப் படங்களுக்கும் கிட்டவில்லை.

‘காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டையா? ஜனங்கள் விரும்பமாட்டார்கள்’ என்பது வியாபாரிகளின் வாதம். ஜனங்களுக்கு உண்மையைச் சொல்லிப் பார்த்தனரா? ஒளிநாடாக் காலத்தில் முழு அகலப் பிரதி பெரும்பாலும் விலையுயர்ந்த லேசர் வட்டில்தான் வந்தது. நகரத்துச் செல்வருக்கு முழுப் படம், தோட்டத்து லயத்தில் சிறு பெட்டியைச் சுற்றி அமர்ந்தவருக்குத் துண்டம். இதற்கு ‘ஜனங்களின் ருசி’ என்று பெயர் சூட்டுவது, கிழிந்த துணியை விற்றுவிட்டு ஏழைக்கு அதுதான் பிடிக்கும் என்று சாதிப்பதை ஒக்கும்.

இது சீனப் படத்தின் சங்கதி, நமக்கென்ன என்று தமிழர் இருந்துவிட முடியாது. இன்று வீட்டுப் பெட்டி அகலமாகிவிட்டது. ஆகவே கத்தி திசை மாறியிருக்கிறது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல்தான் வந்தது. அதற்கு முந்திய நம் படங்கள் பழைய, சதுரத்தை ஒட்டிய அளவுக்கென அமைந்தவை. பி. ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ 1964ஆம் ஆண்டுப் படம். அது 2012 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டு, அகலத்திரைக்கு மாற்றி வெளியிடப்பட்டபோது இளைஞரும் திரண்டு வந்து பார்த்தனர். மங்கிய படத்திற்கு நிறமும் ஒலியும் மீண்டன. அம்முயற்சியை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் சதுரத்தை ஒட்டிய படத்தை நீட்டிக் கெடுக்காமல் அத்தனை அகலத்திற்கு நிரப்புவதாயின், உயரத்தில் ஏறக்குறைய 42 பங்கு போயாக வேண்டும். அரசர்களின் முடியும் தேரின் கொடியும் நிமிர்ந்து நிற்கும் கதையில், மேலிருந்தும் கீழிருந்தும் வெட்டினால் எதைக் காப்பாற்றினோம்? அகலம் என்பதே நவீனம் என்ற எண்ணம், பக்கத்தில் தெரியும் கறுப்புப் பட்டையைக் கண்டு கூசுகிற எண்ணத்தின் உடன்பிறப்பு. கறுப்புப் பட்டை குறையன்று. ஏட்டின் ஓரத்தில் விட்ட வெற்றிடம் போல, படம் அங்கே முடிகிறது என்று அது நேர்மையாகச் சொல்லுகிறது.

வெட்டிய பிரதியை வெளியிடக் கூடாதென்று நாம் கூறவில்லை. வெட்டியதானால் வெட்டியதென்று அட்டையில் எழுதட்டும். எடுத்த அளவிலேயே ஒரு பிரதி அதே விலைக்குக் கிடைக்கட்டும். இவ்விரண்டையும் கேட்க வாங்குகிறவனுக்கு உரிமையுண்டு. வாசகர்களே, இனி ஒரு பழைய படத்தை வாங்கும்போதும் பார்க்கும்போதும், ‘இது எடுத்த அளவா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கிறவர் பெருகினால் கத்தி தானே உறைக்குள் போகும்.