குலைப்பும் வடிவமைப்பும்: கட்டுகஸ்தோட்டைச் சந்தியிலிருந்து ஒரு நோக்கு

வணிகவியலாளர் இன்று பெரிதும் எடுத்தாளும் சொற்களுள் 'குலைப்பு' என்பதும் ஒன்று. புதுமையொன்று பழைய தொழிலை நிலைகுலையச் செய்தால், அதனையே முன்னேற்றமெனக் கொண்டாடும் போக்குக் காணப்படுகின்றது. இக்கொள்கைக்கு வித்திட்ட ஹார்வர்ட் பேராசிரியர் கிளேய்ட்டன் கிறிஸ்டென்சன் அவ்வாறு கூறினாரல்லர். பெருநிறுவனங்கள் மிகுந்த இலாபந்தரும் வாடிக்கையாளரையே நாடுகின்றன. அவற்றாற் புறக்கணிக்கப்பட்டோர்க்கு ஏற்ற எளிய, மலிவான பொருளுடன் புதியவர் தொடங்கிப் பின்னர் மேலேறுகின்றார். 1997இல் வெளிவந்த தம் நூலினூடாக அவர் பரப்பிய கருத்தின் சாரம் இதுவே. ஏற்கெனவே வாடகை வண்டியிற் பழகியோரையே ஊபர் முதலில் நாடியமையால், அத்துறையில் அது குலைப்புக்கு உதாரணமாகாதென 2015இல் அவரும் வேறிருவரும் எழுதிய கட்டுரை வாதிட்டது.

அதே 2015ஆம் ஆண்டில் பிக்மீ, ஊபர் ஆகிய இரு செயலிகளும் இலங்கையில் அறிமுகமாயின. கிறிஸ்டென்சனின் அளவுகோலைக் கையிற்கொண்டு அவற்றை நம்மூரில் வைத்து நோக்குதல் தகும்.

மாத்தளைக்கும் குருநாகலுக்கும் வீதிகள் பிரிந்து செல்லும் இடம் கட்டுகஸ்தோட்டை. இங்கு முச்சக்கர வண்டியில் ஏறுமுன் பேரம் பேசுதல் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கம் நியாயமானதென யாரும் வாதிடார். ஊருக்குப் புதியவரும், தனித்துச் செல்லும் பெண்களும், சிங்களத்திற் சரளமாகப் பேசவியலாத என்போன்ற மாணவரும் கேட்ட தொகையைக் கொடுத்தே பழகினோம். கட்டணத்தை முன்னரே காட்டும் செயலி எமக்கு வாயாக அமைந்தது. இந்நன்மையை மறுத்தல் நன்றியின்மையாகும்.

ஆயினும், சந்தையிலிருந்து பையுடன் வரும் மூதாட்டியை எண்ணுக. அவர் வீடு செல்லும் மேட்டுப்பாதையை அறிந்த சாரதி தரிப்பிடத்தில் நின்றான். கையிற் பணமில்லாத நாளில் அவன் பின்னர் வாங்கிக்கொண்டான். அந்த அறிவுக்கும் நம்பிக்கைக்கும் செயலியின் திரையில் இடமில்லை. பயணி வழங்கும் நட்சத்திரங்களே அங்குச் சாரதியின் மதிப்பு. தரிப்பிடம் வெறிச்சோடுமாயின், திறன்பேசியற்ற அம்மூதாட்டி முன்னிலும் வறியவராவார்.

வடிவமைப்பாளர் 'பாவனையாளர்' எனும்போது திரையைத் தொடுபவரையே கருதுகின்றனர். சாரதியும் பாவனையாளரே, திரையைத் தொடவியலாது வீதியோரம் காத்து நிற்பவரும் அவ்வமைப்பின் விளைவுக்கு உட்பட்டவரே. பேரத்துக்குத் திரும்புவோமென்பது என் கருத்தன்று. வெளிப்படையான கட்டணம், குரல்வழி அழைப்பு, மும்மொழிச் சேவை ஆகியன தரிப்பிடத்தில் நிற்கும் எவர்க்கும் கிட்டுமாறு அமைப்பதே சிறந்த வடிவமைப்பு. எத்தனை பேரை ஏற்றிச் சென்றது என்பதனால் மட்டுமன்றி, எவரை வீதியில் விட்டுச் சென்றது என்பதனாலும் ஒரு புதுமை மதிப்பிடப்படல் வேண்டும்.