பின்வாங்கும் பிஸ்டன்

நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். அதனால், 2001-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா மாதிரி பின்னாலும் டிஸ்க் உள்ள வண்டி தஞ்சாவூர்ப் பட்டறையில் ஜாக்கி ஏறினால், சற்று நின்று பார்க்கலாம். தேய்ந்த பேடைக் கழற்றியதும், வெளியே நீண்டு நிற்கும் பிஸ்டனை உள்ளே அனுப்புவார்களே, அந்த இடம்தான் விசேஷம்.

முன்சக்கரத்தில் சி கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதும். பின்னால் அந்த முரட்டுத்தனம் செல்லாது. பிஸ்டனைத் தாங்கும் கேலிப்பரிலேயே ஹேண்ட் பிரேக்கும் குடியிருப்பதால், பிஸ்டனின் வயிற்றுக்குள் மரை வெட்டிய தண்டு இருக்கிறது. பேட் தேயத் தேய அந்த அமைப்பு தானே நீண்டு ஈடுகட்டும். வாய்க்கால் மதகின் ஷட்டர்மேல் ஏறிக் குதித்தாலும் இறங்காது. மதகைக் கவனிக்கும் லஸ்கர் வந்து சுற்றினால் விரல் விரலாக இறங்கும். இதுவும் அப்படித்தான். பிஸ்டன் முகத்துப் பள்ளங்களில் கருவியின் முளைகளைப் பொருத்தி, அழுத்திக்கொண்டே சுற்ற வேண்டும். அழுத்தாமல் சுற்றினால் நின்ற இடத்திலேயே சுழலும். சுற்றாமல் அழுத்தினால் உள்பொறி பாழ். பெரும்பாலும் வலச்சுற்று. சில வண்டிகளில் ஒரு பக்கத்துக்கு மட்டும் இடச்சுற்று வைத்து நம்மைச் சோதிப்பார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது உள்ளே மறைந்திருக்கும் ரப்பர் வளையம். வட்ட வளையம்தான், குறுக்கே வெட்டினால் சதுரம். பெடலை மிதிக்கையில் பிஸ்டனோடு சேர்ந்து லேசாகச் சாயும். காலை எடுத்ததும் நிமிரும். நிமிரும்போது பிஸ்டனையும் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு இழுத்துக்கொள்ளும். பேடுக்கும் டிஸ்குக்கும் உள்ள இடைவெளி அவ்வளவுதான். இதற்கென்று தனி ஸ்பிரிங் கிடையாது!

அந்த வளையத்துக்கும் பிஸ்டனுக்கும் காவல், வெளியே இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை. வயல்சேற்றுக்கும் நாகப்பட்டினத்து உப்புக்காற்றுக்கும் அதில் ஒரு கிழிசல் கிடைத்தால் போதும், பிஸ்டன் துருப்பிடித்துவிடும். ஆகவே சுற்றுமுன் நன்றாகத் துடைப்பார்கள். சுற்றும்போது உறையும் கூடவே முறுக்கிக்கொண்டால் நிறுத்தி, விரலால் நீவி விடுவார்கள்.

பிஸ்டன் உள்ளே போகப்போக பிரேக் ஆயில் மேலேறி டப்பாவில் தளும்பும். ஈரத்தை உறிஞ்சுகிற ஆயில் அது. டாட் 4 ரகம் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்கு விதித்த வரம்பு 155 தான். ஐப்பசி அடைமழை ஊரில் இதை மறக்கக் கூடாது. விவரமான கை, பிளீடர் திருகைத் திறந்து கறுத்த ஆயிலை வெளியே விட்டுவிடும்.

கடைசிக் கால் சுற்றில்தான் ருசி. சில வண்டிகளில் பேடின் முதுகில் ஒரு குமிழ் உண்டு. பிஸ்டனின் பள்ளம் அதற்கு நேராக வந்து நிற்க வேண்டும். தவறினால் பேட் சரியாக உட்காராது, ஒருபக்கமாகத் தேயும்.

எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் வண்டிகளில் ஸ்கேனரைச் செருகினால் மோட்டாரே பின்வாங்கிக்கொள்கிறது. பிறகு நேராகத் தள்ளிவிடலாம். வேகமான வேலை. பார்க்கத்தான் ஒன்றுமில்லை. எந்த வண்டியானாலும் நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மிதித்தாக வேண்டும். முதல் மிதி தரைவரை போகும்.