நந்தனை எரித்தது எதற்காக?

நாடகக்காரன் பழைய கதையை எடுத்துக்கிறது ஒண்ணும் திருட்டு இல்லை. எதை மாற்றினான், எதை அப்படியே விட்டான் என்று பார்த்தால் அவன் யார் பக்கம் என்பது தெரிந்துவிடும். இந்திரா பார்த்தசாரதி 1978இல் எழுதிய 'நந்தன் கதை'யை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் நந்தனுக்குப் பண்ணையார் கிடையாது. ஆதனூர்ச் சேரியில் பறைத்துடவை என்ற மானிய நிலம் அவருக்கு உண்டு. கோயில் முரசுக்குத் தோல், யாழுக்கு நரம்பு, பூசைக்குக் கோரோசனை கொடுப்பவர் அவர். அவர் கொடுத்த தோல் உள்ளே முழங்கும்; அவர் மட்டும் வெளியே நிற்கணும்.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதைக் கீர்த்தனையாக்கியபோது வேதியர் என்ற பண்ணையாரைப் புதிதாகக் கொண்டுவந்தார். நாற்பது வேலி வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார் வேதியர். ஒரே இரவில் சிவன் அருளால் எல்லாம் முடிந்துவிடுகிறது. பண்ணையடிமைத்தனம் கதைக்குள் வந்தது பெரிய மாற்றம்தான். ஆனால் சேரியின் உழைப்பு சாமி கணக்கில் ஏறிப்போச்சு. கடைசியில் வேதியர் நந்தனை வணங்குகிறார். நிலம் அவரிடமேதான் இருக்கிறது.

இந்த இரண்டு பிரதிகளிலும் தீ புனிதமானது. இ.பா. அதை உடைத்தார். அவர் நாடகத்தில் அற்புதம் என்பது உயர்சாதியாரின் சதி. தீயில் இறங்கிய நந்தன் திரும்பி வரவில்லை. தாசி அபிராமியும் அவனோடு எரிகிறாள். 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு தீயை அருள் என்று எவன் எழுத முடியும்? இந்த மாற்றத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் நந்தனை மட்டும் அவர் மாற்றவில்லை. பாரதியாரின் அதே ஏங்குகிற, நம்புகிற நந்தன்தான் இவரிடமும் வருகிறான். சதி மேடையில் இருக்கிற மேல்சாதிக்காரனுக்குத் தெரியும், பார்க்கிற நமக்கும் தெரியும், நந்தனுக்கு மட்டும் தெரியாது. 'ஐயோ பாவம்' என்று உச்சுக் கொட்டிவிட்டு எழுந்து போகலாம்.

வெண்மணியில் செத்தவங்க ஏமாந்தா செத்தாங்க? சங்கம் வைத்தார்கள், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். அதனால்தான் எரித்தார்கள். அந்தக் கொலையை வைத்து 'குருதிப்புனல்' நாவல் எழுதியவரும் இ.பா.தான். அங்கே பண்ணையாரின் ஆண்மைக் குறைவு முன்னுக்கு வந்து கூலிப் போராட்டம் பின்னுக்குப் போயிற்று. இங்கே நந்தனின் அப்பாவித்தனம் அதே வேலையைச் செய்கிறது. ஏமாந்தவனாக ஒருவனைக் காட்டும்போது அவன் கேட்ட கேள்வி காணாமல் போகிறது.

நந்தனை இனி எடுக்கிற நம் நாடகக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். சேக்கிழாரிடம் கிடக்கிற அந்தத் தோலை எடுங்க. பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று எத்தனையோ ஊர்ச் சேரிகள் நிமிர்ந்து நின்றிருக்கின்றன. அதற்காக அடியும் பட்டிருக்கின்றன. 'இன்னைக்குத் தோல் கிடையாது' என்று நந்தன் சொன்னால் கோயிலில் எந்த முரசு முழங்கும்? அந்தக் காட்சியை இந்த மூன்று பேருமே எழுதவில்லை.